1959 மொறிஸ் மைனரை இன்வர்னஸிலிருந்து லண்டனுக்கு ட்ரெயிலரில் கொண்டுவருதல்: எதைக் கட்டுவது, எதைக் கழற்றுவது?

பழைய சில்லு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்கொட்லாந்தில் இன்வர்னஸ் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு பண்ணைக் கொட்டகையில் பன்னிரண்டு ஆண்டுகளாக அசையாமல் நின்ற 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 கார் ஒன்றை, படங்களை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் என்றால் மொறிஸ் மைனர் அல்லது ஒஸ்ரின் என்றிருந்த காலத்தில் வளர்ந்தவனுக்கு அந்த உருண்டை மூக்கைக் கண்டதும் புத்தி வேலை செய்யாது என்பதை இங்குள்ளவர்கள் மன்னிப்பீர்கள் என்று நம்புகிறேன். கார் அங்கே நிற்கிறது, நான் லண்டன் ஹரோவில் இருக்கிறேன், நடுவில் ஏறத்தாழ 570 மைல் றோட்டுக் கிடக்கிறது.

காரின் நிலையைச் சொல்கிறேன். 948 சிசி எஞ்சின் கையால் சுற்றினால் சுற்றுகிறது, ஆனால் இயக்கிப் பார்க்கவில்லை. பிறேக் மிதியை அழுத்தினால் தளம் வரை போகிறது. பின்பக்க வலது சில்லு இறுகிப்போய் உருள மறுக்கிறது. கதவடியிலும் தரையின் ஓரங்களிலும் துருவுண்டு. அடிச்சட்டம் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதை விற்பவராலும் சொல்ல முடியவில்லை. ரயர்கள் காற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன, ஆனால் பக்கச் சுவர்கள் வெடித்திருக்கின்றன.

என்னுடைய டீசல் காரின் வெற்று எடை 1,660 கிலோ. அதன் இழுகொக்கியில் செங்குத்தாக 80 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று தகட்டில் அடித்திருக்கிறது. இரட்டை அச்சுள்ள, சொந்தப் பிறேக்கும் வின்ச்சும் (கயிற்றைச் சுற்றிக் காரை மேலே இழுக்கும் கருவி) பொருத்திய ட்ரெயிலர் ஒன்றை வாடகைக்கு எடுக்கவிருக்கிறேன், அதன் வெற்று எடை 620 கிலோ. விற்பவர் ஒரு உதிரி கியர் பெட்டியையும் இரண்டு கதவுகளையும் சேர்த்துத் தருகிறார், அவை எல்லாமாக 60 கிலோ வரும் என்கிறார். நான் சாரதிப் பரீட்சையில் சித்தியடைந்தது 2003இல், ட்ரெயிலருக்கென்று தனிப் பரீட்சை எதுவும் எழுதவில்லை.

ஒக்டோபர் நடுப்பகுதியில் புறப்படலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன்பு இந்தக் காரில் என்னென்ன செய்ய வேண்டும், எந்த இடத்தில் கட்டும் பட்டியை மாட்டலாம், எந்த இடத்தைத் தொடவே கூடாது என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

நெம்புகோல் எழுதியது:

வணக்கம். முதலில் உரிமத்தை முடித்துவிடுவோம். 1997ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குப் பிறகு தேர்ச்சி பெற்றவர்கள் கனமான ட்ரெயிலரை இழுக்கத் தனித்தேர்வு எழுத வேண்டியிருந்த நிலை 2021 டிசம்பர் 16ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது சாதாரணக் கார் உரிமத்தோடு, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோ வரையுள்ள ட்ரெயிலரை நீங்கள் இழுக்கலாம். ஆனால் உங்கள் கார் எவ்வளவு இழுக்கலாம் என்பது வேறு கணக்கு. கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள அடையாளத் தகட்டில் நான்கு எடைகள் வரிசையாக இருக்கும். முதலாவது காரின் மொத்த எடை, இரண்டாவது காரும் ட்ரெயிலரும் சேர்ந்த மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதை, உற்பத்தியாளர் கையேட்டில் கொடுத்திருக்கும் இழுவை எல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

அடுத்தது, சட்டம் அல்லாத, ஆனால் அனுபவமில்லாதவர் மீறக்கூடாத ஒரு வழக்கம்: இழுக்கப்படும் எடை, இழுக்கும் காரின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். மைனர் ஏறத்தாழ 775 கிலோ, ட்ரெயிலர் 620 கிலோ, பட்டிகளும் கட்டைகளும் சேர்த்தால் 1,400 கிலோ. அது 1,660இல் 84 சதவீதம். மயிரிழையில் தப்புகிறீர்கள். அந்தக் கியர் பெட்டியையும் கதவுகளையும் மைனருக்குள் போட்டால் 88 சதவீதமாகிவிடும். அதைவிட மோசமானது, எல்லோரும் செய்வதுபோல் அவற்றை மைனரின் டிக்கிக்குள் திணிப்பது. ட்ரெயிலரின் பின்கோடியில் சேரும் ஒவ்வொரு கிலோவும் கொக்கியின் மீதுள்ள அழுத்தத்தைக் குறைப்பதோடு, வால் ஒருமுறை ஆடத் தொடங்கினால் அந்த ஆட்டம் அடங்காதபடியும் செய்யும். உதிரிகளை உங்கள் டீசல் காரின் பின்னிருக்கைக்கு முன்னால் தரையில் வைத்துக் கட்டுங்கள். கதவுகள் உள்ளே நுழையாவிட்டால் பார்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

கொக்கியின் மீது இறங்கும் எடைதான் இந்தப் பயணத்தில் நீங்கள் அளந்தே தீரவேண்டிய ஒரே எண். ட்ரெயிலரின் உண்மையான எடையில் 5 முதல் 7 சதவீதம் என்பது இந்த நாட்டு வழக்கம், உங்களுக்கு அது 70 முதல் 98 கிலோ. ஆனால் உங்கள் கொக்கியின் எல்லை 80. ஆகவே 75க்கும் 80க்கும் நடுவில் நிறுத்த வேண்டும். இதற்குத் தனிக் கருவி விற்கிறார்கள், வீட்டுக் குளியலறைத் தராசே போதும். சமதரையில் ட்ரெயிலரின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கொக்கிக் குண்டு இருக்கும் அதே உயரத்தில் ட்ரெயிலரின் மூக்கை அதன்மேல் இறக்குங்கள். எண் குறைவாக இருந்தால் மைனரைச் சில அங்குலம் முன்னே இழுங்கள், கூடுதலாக இருந்தால் பின்னே விடுங்கள். சரியான இடம் கிடைத்ததும் முன்சக்கரம் நிற்கும் இடத்தைத் தளத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டுக்கொள்ளுங்கள். கோடு போட்ட பிறகுதான் பட்டியைத் தொட வேண்டும்.

மற்றவை சுருக்கமாக: ட்ரெயிலரின் பின்னால் உங்கள் டீசல் காரின் பதிவெண் தகடு இருக்க வேண்டும். ஒற்றைப் பாதையில் 50 மைல், இரட்டைப் பாதையிலும் மோட்டார்வேயிலும் 60 மைல்தான் உச்ச வேகம். மூன்று தடமோ அதற்கு மேலோ உள்ள மோட்டார்வேயில் வலது கோடித் தடத்துக்குப் போகக்கூடாது. உங்கள் சொந்தக் காரை நீங்களே கொண்டுவருவதால் இவ்வளவுதான், பிறருக்காகப் பணம் வாங்கிக்கொண்டு ஏற்றினால் வேறு சட்டங்கள் வந்துவிடும்.

திருகுசாவி எழுதியது:

எடைக் கணக்கை நெம்புகோல் முடித்துவிட்டதால் நான் மைனரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் காரின் முன் சஸ்பென்ஷனில் ஒரு புகழ்பெற்ற பலவீனம் உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் கிங் பின்னின் மேல் முனையும் கீழ் முனையும் மரை வெட்டப்பட்டு, ட்ரனியன் எனப்படும் இரண்டு துண்டுகளுக்குள் திருகப்பட்டிருக்கும். கீழ் ட்ரனியனுக்குக் கிரீஸ் போகாமல் மரை தேய்ந்துவிட்டால், ஒருநாள் கிங் பின் அதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து, சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடிந்து படுத்துவிடும். பெரும்பாலும் இது வேகத்தில் நடப்பதில்லை, மெதுவாக ஓட்டியபடி ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போதுதான் நடக்கும். பன்னிரண்டு ஆண்டு நின்ற காரைக் கொட்டகையிலிருந்து வளைத்து நெளித்து வெளியே எடுத்து, சரிவுப் பலகையில் ஏற்றும் வேலையில் அந்த நிலைமை அப்படியே அமைந்துவிடுகிறது.

ஆகவே முதல் வேலை கிரீஸ் துப்பாக்கி. மேலும் கீழுமாக உள்ள, கிரீஸ் ஏற்றும் சிறு முனைகளான நிப்பிள்களில் பழைய அழுக்குப் பிதுங்கி வெளியே வரும்வரை அடியுங்கள். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். கிங் பின் ட்ரனியனுக்குள் மேலும் கீழும் ஆடினால், சக்கரத்தை நேராக வைத்தே இழுக்கும்படி ட்ரெயிலரைக் காரின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துங்கள். காரைத் திருப்பாதீர்கள், ட்ரெயிலரைத் திருப்புங்கள்.

இறுகிய பின்சக்கரத்துக்கு: சக்கரத்தைக் கழற்றி, பிரேக் சரிசெய்யும் திருகை முழுவதும் தளர்த்தி, ஹேண்ட் பிரேக் கேபிளையும் தளர்த்திவிட்டு, பிரேக் டிரம்மின் விளிம்பைச் சுற்றிலும் மரச்சுத்தியால் பொறுமையாகத் தட்டுங்கள். பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் அதை இழுத்துக்கொண்டே வின்ச் செய்ய முனையாதீர்கள், அடியில் வழுக்குத்தட்டு வைத்து ஏற்றுங்கள். சக்கரம் விட்ட பிறகு உங்களிடம் இருப்பது பிரேக்கே இல்லாத முக்கால் டன் இரும்பு என்பதை மறக்கக்கூடாது. வின்ச் இழுக்கும்போது ஒருவர் பக்கவாட்டில் நின்று, ஒவ்வொரு அடிக்கும் பின்சக்கரத்தின் பின்னால் கட்டையைத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். காருக்குப் பின்னால், சரிவில், யாரும் நிற்கக்கூடாது. வின்ச் கயிற்றைப் பம்பரில் மாட்டாதீர்கள். இடம் வலம் இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும் இரட்டைப் பட்டியை முன் அச்சுப் பகுதியின் உறுதியான இரும்பில் சுற்றி, நடுவில் கயிற்றை மாட்டுங்கள்.

கட்டுவதற்கு டயரின் மேல் போடும் சக்கரப் பட்டி நான்கு வாங்குங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஈ.என். 12195-2 என்ற ஐரோப்பியத் தர எண்ணை அச்சிட்ட சீட்டு தைக்கப்பட்டிருக்க வேண்டும், பாலியெஸ்டர் பட்டி என்றால் சீட்டு நீல நிறத்தில் இருக்கும். அதில் எல்.சி. (பட்டி தாங்கக்கூடிய விசை) என்ற எழுத்துகளுக்கு எதிரே டெக்கா நியூட்டனில் ஓர் எண் இருக்கும். ஒரு டெக்கா நியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோவின் கனம் என்று எடுத்துக்கொள்ளலாம். சீட்டு இல்லாத பட்டியை விலை மலிவு என்று வாங்காதீர்கள். இந்நாட்டு அரசின் வழிகாட்டுதல்படி, கட்டுகள் அனைத்தும் சேர்ந்து, ஏற்றிய பொருளின் முழு எடைக்கு நிகரான விசையை முன்னோக்கியும், பாதி எடைக்கு நிகரான விசையைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் தாங்க வேண்டும்.

வடக்கு வீதி எழுதியது:

நான் கிளாஸ்கோவில் இருக்கிறேன், ஏ9 வீதியில் அடிக்கடி ட்ரெயிலருடன் போய்வருபவன். சில்லுப் பட்டி பற்றிச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. நான் எப்போதும் காரின் அடிச்சட்டத்தில் கொக்கியை மாட்டி, ஸ்பிரிங் முழுதும் அமுங்கும்வரை இறுக்கிவிடுவேன். கார் ஒரு கல்லைப்போல ட்ரெயிலரோடு ஒட்டிக்கொள்ளும், ஆடவே ஆடாது. இத்தனை ஆண்டுகளில் ஒரு கார்கூட அசைந்ததில்லை. கைபிறேக்கை இழுத்து, முதலாம் கியரில் விட்டுவிட வேண்டும் என்பதும் என் வழக்கம்.

வழியைப் பற்றியும் சொல்கிறேன். இன்வர்னஸிலிருந்து பேர்த் வரையான ஏ9, ஒற்றைப் பாதையாகவும் இரட்டைப் பாதையாகவும் மாறிமாறி வரும். 2014 முதல் அங்கே சராசரி வேகக் கமராக்கள் உண்டு, எனவே ட்ரெயிலருக்குரிய 50ஐயும் 60ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்லொக் கணவாய் ஏறத்தாழ 405 மீற்றர், ட்ரமொக்டர் கணவாய் ஏறத்தாழ 460 மீற்றர் உயரம். இரண்டிலும் பக்கக் காற்று திடீரென்று அடிக்கும். பின்னால் வாகனங்கள் வரிசை கட்டினால் ஒதுங்கிடத்தில் நின்று வழிவிடுங்கள், அது மரியாதை என்பதோடு உங்கள் மன அமைதிக்கும் நல்லது. கிளாஸ்கோவைச் சுற்றிக்கொண்டு எம்74இல் இறங்கினால் பிறகு லண்டன் வரை பெரும்பாலும் மோட்டார்வேதான். ஓய்விடங்களில் கரவன்களுக்கென்று ஒதுக்கிய நீளமான தரிப்பிடத்தில் நிறுத்துங்கள்.

திருகுசாவி எழுதியது:

வடக்கு வீதி அவர்களின் முறை புதிய கார்களுக்கு வேலை செய்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் காருக்கு அதை எதிர்ப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மைனரில் துரு முதலில் தின்னும் இடங்களே அடிச்சட்டத்தின் கால்களும், குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளும், பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் கொண்டிகளும்தான். மேலே கறுப்புச் சாயம் பூசப்பட்டு உறுதியாகத் தெரியும் தகடு, உள்ளே அப்பளமாக இருக்கும். அதில் கொக்கியை மாட்டி இறுக்கினால் கிழிவது தெரியாமலே கிழிந்து, பட்டி தளர்ந்துவிடும். இரண்டாவது, காரின் உடலைக் கீழே இழுக்கும்போது அந்த இழுப்பு முழுவதும், முன்பக்கத்தில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி வழியாகக் கீழ் ட்ரனியனுக்குத்தான் போய்ச் சேர்கிறது. காரின் சொந்த எடையைத் தாங்குமா என்றே சந்தேகமாக இருக்கும் ஒரு மரையின் மீது, பத்து மணிநேரம் கூடுதல் சுமையை ஏற்றி, அதற்கு மேல் சாலைப் பள்ளங்களின் குலுக்கலையும் சேர்க்கிறீர்கள்.

சக்கரத்தைத் தளத்தோடு கட்டிவிட்டால், உடல் தன் ஸ்பிரிங்கின் மேல் வழக்கம்போல ஏறி இறங்கிக்கொள்ளும், பட்டிக்கு அந்த அசைவு தெரியாது. உடலைக் கட்டினால், ஒவ்வொரு பள்ளத்திலும் உடல் மேலும் கொஞ்சம் அமுங்கி, பட்டி ஒரு கணம் தொய்ந்து, மறுகணம் வெடுக்கென்று இழுபடும். அந்த வெடுக்குத்தான் பட்டியையும் கொக்கியையும் அறுப்பது.

சக்கரப் பட்டி போக, காப்புக்காக இன்னொரு கட்டு வேண்டுமென்றால், பின் அச்சின் இரும்புக் குழாயைச் சுற்றி இடம் ஒன்று வலம் ஒன்றாகத் துணி உறையுள்ள அச்சுப் பட்டி போடலாம். ஆனால் அச்சின் மேலே பிரேக் குழாய் ஓடுகிறது. ஒருமுறை நான் அதைக் கவனிக்காமல் பட்டியைச் சுற்றி இறுக்கி, ஊர் வந்து அவிழ்த்தபோது குழாய் தட்டையாகக் கிடந்தது. விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சுற்றுங்கள். பட்டியின் நீண்ட பகுதி காற்றில் அதிர்ந்து ஊளையிட்டால், அவிழ்த்து ஒரு முறுக்குக் கொடுத்து மீண்டும் கட்டுங்கள், நின்றுவிடும்.

பழைய சில்லு எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. மூன்று சிறிய சந்தேகங்கள் மிச்சமிருக்கின்றன. காரை முகம் முன்னோக்கி ஏற்றுவதா பின்னோக்கி ஏற்றுவதா? கைபிறேக்கையும் கியரையும் என்ன செய்வது? மழைக்கு ஒரு உறை வாங்கி வைத்திருக்கிறேன், அதைப் போர்த்திக்கொண்டு வரலாமா?

ஓய்வுபெற்ற மெக்கானிக் எழுதியது:

தம்பி, நான் யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவன். பொருளாதாரத் தடைக் காலத்தில் இதே மைனர்களை மண்ணெண்ணெயில் ஓட்ட வைத்த கை என்னுடையது, ஆகவே உங்கள் மூன்று கேள்விகளுக்கும் என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

முகம் முன்னோக்கியே ஏற்றுங்கள். எஞ்சினின் பாரம் கொக்கிப் பக்கம் வருவது நல்லது. ஆனால் மைனரின் பொனட் பின்பக்கம் கீல் வைத்து முன்பக்கம் திறப்பது. அதைப் பிடித்திருக்கும் கொண்டி அறுபது வருடம் தேய்ந்தது என்பதை நினைவில் வைத்து, பொனட்டுக்கு மேலாக மெத்தென்ற துணி வைத்து ஒரு பட்டியைக் குறுக்கே கட்டுங்கள். காற்று அதைத் தூக்கினால் நேரே முன் கண்ணாடியில் வந்து அடிக்கும். உங்கள் கார் 1959 என்றபடியால் கதவுக்குப் பின்னாலுள்ள தூணில், திரும்பும் பக்கத்தைக் காட்ட வெளியே நீளும் கைகாட்டி விளக்கு இருக்கும், மின்னும் விளக்கு 1961இன் பிற்பகுதியில்தான் வந்தது. அந்தக் கைகாட்டி குலுக்கலில் வெளியே விழுந்து முறிந்துவிடும். இப்போது அதைத் தேடி வாங்குவது கஷ்டம், சாயத்தை உரிக்காத ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். நான்கு சில்லு மூடிகளையும் கழற்றி உங்கள் காருக்குள் வையுங்கள்.

உறை வேண்டாம். 50 மைல் வேகத்தில் உறை படபடவென்று அடித்து, அதற்கும் சாயத்துக்கும் இடையில் அகப்பட்ட தூசியை வைத்தே காரைத் தேய்த்துவிடும். மழை நனைத்தால் துடைக்கலாம். கண்ணாடிகளை முழுதாக ஏற்றி, காற்று நுழையும் சிறு கண்ணாடிகளையும் பூட்டிவிட்டால் போதும்.

பற்றரி இருந்தால் கழற்றுங்கள். பழைய வயர்களின் ரப்பர் உறை தொட்டாலே உதிரும், அது பயணத்தில் குலுங்கி உரசினால் தீ. ஒன்றைக் கவனியுங்கள், அந்தக் காலத்து மைனரில் நேர்முனைதான் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இந்தக் காலப் பழக்கத்தில் எதிர்முனையை முதலில் கழற்றப் போய், சாவி உடலில் பட்டால் பொறி பறக்கும். பழைய பெற்றோல் தாங்கியில் மிச்சமிருந்தால் அங்கேயே வடித்துவிட்டு வாருங்கள்.

கைபிறேக் விடயத்தில் நான் வடக்கு வீதியோடு ஒத்துப்போகவில்லை. வின்ச்சில் ஏற்றும்போது சில்லு உருள வேண்டும், ஆகவே நியூட்ரலில் விடுங்கள். ஏறியதும் கியரில் போட்டு, கைபிறேக்கையும் இழுத்துவிட்டுக் கட்டுங்கள். கட்டி முடித்த பிறகு கைபிறேக்கை விட்டுவிடுங்கள். இப்போதுதான் அடித்து விடுவித்த டிரம்மில், ஈர ஒக்டோபரில், இரண்டு நாள் பிறேக் கட்டையை அழுத்தி வைத்தால் அது மறுபடி ஒட்டிக்கொள்ளும். காரைப் பிடித்து வைத்திருப்பது பட்டி, கைபிறேக் அல்ல. கியர் மட்டும் இரண்டாவது காவலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில்லு உருளாமலே குலுங்கிக்கொண்டு போவதால், உள்ளிருக்கும் பெயரிங் குண்டுகள் ஒரே இடத்தில் தட்டித்தட்டி, வளையத்தில் சிறுசிறு பள்ளங்களை உண்டாக்கும். 1930களில் அமெரிக்காவில் புதுக் கார்களை ரயிலில் அனுப்பியபோது, ஒரு மைல்கூட ஓடாத கார்களின் பெயரிங் பழுதாகிப் போனதைக் கண்டுதான் இதை ஆராய்ந்தார்கள். உங்கள் காரில் உள்ள கிரீஸ் பன்னிரண்டு வருடத்தில் காய்ந்திருக்கும். வீடு வந்ததும் முன்சில்லுப் பெயரிங்குகளைக் கழற்றிப் பார்க்காமல் றோட்டில் இறக்காதீர்கள்.

நெம்புகோல் எழுதியது:

ஐயா சொன்னதோடு ட்ரெயிலரைப் பற்றி ஒரு வார்த்தை. வாடகை ட்ரெயிலரை எடுக்கும்போதே டயரின் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள், முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். உதிரிச் சக்கரம் இருக்கிறதா என்று கேளுங்கள், பல இடங்களில் கொடுப்பதில்லை. மின்இணைப்பு ஏழு முனையா பதின்மூன்று முனையா என்று முன்பே கேட்டு, மாற்றுச் செருகியை வாங்கி வையுங்கள். ட்ரெயிலர் கழன்றால் அதன் பிரேக்கை இழுத்துப் பிடிக்கும் மெல்லிய கம்பியை, கொக்கிக் குண்டின் கழுத்தில் சும்மா மாட்டாமல், அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்டுங்கள். புறப்பட்டுப் பத்து, பதினைந்து மைலில் கட்டாயம் நிறுத்துங்கள், பட்டிகள் முதல் தளர்வைக் காட்டுவது அங்கேதான். அங்கேயே ட்ரெயிலரின் நான்கு சக்கர மையத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் மேலே போகாதீர்கள்.

வால் ஆடத் தொடங்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறைய விடுங்கள். எதிர்த்திசையில் திருப்பிச் சரிசெய்ய நினைப்பதும், பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் ஆட்டத்தைப் பெருக்கும்.

பழைய சில்லு எழுதியது:

கார் ஹரோவில் என் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. நடந்ததை எழுதுவது உங்களுக்கு நான் கொடுக்க வேண்டிய கடன்.

இடது முன்பக்கக் கீழ் ட்ரனியன் ஆடியது. கம்பியால் நெம்பியபோது கண்ணால் பார்க்கக்கூடிய அளவு ஆடியது. ஆகவே ட்ரெயிலரைக் கொட்டகை வாசலுக்கு நேரே கொண்டுவர முக்கால் மணிநேரம் செலவிட்டு, காரை ஓர் அங்குலமும் திருப்பாமல் ஏற்றினோம். வலது பின் டிரம் ஒரு மணிநேரத் தட்டலுக்குப் பிறகு விட்டது. அடிச்சட்டத்தில், வடக்கு வீதி அவர்கள் கொக்கி மாட்டியிருக்கக்கூடிய இடத்தில், திருப்புளியால் மெதுவாகக் குத்தினேன், திருப்புளி உள்ளே போய்விட்டது. அவர் முறை தவறு என்று சொல்ல வரவில்லை, இந்தக் காருக்குத் தாங்காது.

முதல்முறை தராசில் வைத்தபோது கொக்கியின் மீது 104 கிலோ காட்டியது. காரைச் சிறிது சிறிதாகப் பின்னே விட்டு 78இல் நிறுத்திக் கோடு போட்டேன். கதவுகளைப் பார்சலில் அனுப்பச் சொல்லிவிட்டு, கியர் பெட்டியை மட்டும் என் காரின் தரையில் வைத்தேன்.

புறப்பட்டுப் பன்னிரண்டாவது மைலில் நிறுத்தியபோது நான்கு பட்டிகளில் மூன்று தளர்ந்திருந்தன, ஒன்றில் இரண்டு பல் இறுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒவ்வொரு ஐம்பது மைலுக்கும் பார்த்தேன், பெரிதாகத் தளரவில்லை. ட்ரமொக்டரில் காற்று இருந்தது, 45இல் வந்தேன். அன்றிரவு கார்லைலுக்கு அருகே தங்கினோம். மறுநாள் எம்6 மோட்டார்வேயில் ஷாப் மேட்டைத் தாண்டி இறங்கும்போது ஒரு பஸ் வேகமாக முந்திச் சென்றது. அது கடந்த நொடியில் ட்ரெயிலர் இரண்டு முறை வால் ஆட்டியது. நெம்புகோல் எழுதியதை மனைவி பக்கத்திலிருந்து உரக்கச் சொன்னார், காலை எடுத்தேன், நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இறக்கங்களில் 50ஐத் தாண்டவில்லை.

நேற்று முன்சில்லுப் பெயரிங்குகளைக் கழற்றினேன். வலது பக்கம் சுத்தமாக இருக்கிறது. இடது பக்கத்தின் வெளி வளையத்தில் சம இடைவெளியில் மங்கலான புள்ளிகள் தெரிகின்றன, நகத்தால் தடவினால் தட்டுப்படவில்லை. இவை இந்தப் பயணத்தில் வந்தவையா, பன்னிரண்டு ஆண்டு ஒரே இடத்தில் நின்றதில் ஈரம் இறங்கி வந்தவையா என்பதைப் பார்த்துச் சொல்ல முடியுமா ஐயா? படத்தை இணைத்திருக்கிறேன். இடது ட்ரனியனுக்குப் புதியதை ஏற்கெனவே ஓர்டர் செய்துவிட்டேன், அதைப் பொருத்தும்போதே இதையும் மாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற மெக்கானிக் எழுதியது:

படத்தைப் பார்த்தேன் தம்பி. புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரமும் குண்டுகளுக்கு இடையிலுள்ள தூரமும் ஒன்றாக இருக்கிறதா என்று வளையத்தின் மேல் குண்டுக்கூட்டை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக இருந்தாலும், பயணத்தில் வந்ததா நின்றதில் வந்ததா என்பதை அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, இரண்டிலும் குண்டு நின்ற இடத்தில்தான் அடையாளம் விழும். புள்ளியைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் இருக்கிறதா, கறுப்புக் கறையா என்பதையும் எழுதுங்கள். எப்படியிருந்தாலும் ட்ரனியனுக்காக அந்தப் பக்கத்தை அவிழ்க்கத்தானே போகிறீர்கள், பெயரிங்கையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள். பழையதை வீசாமல் வைத்திருங்கள், பார்க்க வருகிறேன்.